அடிக்கக் கற்றவனும் ஆற்றக் கற்றவனும்

2016-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி முகம்மது அலி அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில் தமது 74-ஆம் வயதில் காலமானார் என்ற செய்தி பரவியதும், பதவியேற்றுச் சில தினங்களே ஆகியிருந்த கேரள விளையாட்டுத்துறை அமைச்சர், அனுதாபச் செய்தி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த மலையாளத் தொலைக்காட்சி ஒன்றிடம், காலஞ்சென்றவர் கேரள விளையாட்டுலகின் பிரமுகர் என்றும், தங்கப் பதக்கம் பெற்றுக் கேரளத்தின் கீர்த்தியை உயர்த்தியவர் என்றும் சொல்லித் துக்கம் தெரிவித்தார். ஊரே சிரித்தது. சிரித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் முகம்மது அலி என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் அடுத்த தெருவிலோ அடுத்த ஜில்லாவிலோ ஓர் ஆளை நினைவுக்குக் கொண்டுவருவது இந்நாட்டில் யாருக்கும் இயல்பான காரியந்தான். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1989-ஆம் ஆண்டில் அலி மெய்யாகவே கோழிக்கோட்டுக்கு வந்திருந்தார். அதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்பு சென்னைக்கும் வந்திருந்தார். அந்தச் சென்னை விஜயத்தைக் குறித்துச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லுமுன் எங்கள் பிரதேசத்தைப் பற்றிச் சிறிது சொல்லிக்கொள்ள வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்யங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தென் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் பஸ் ஏறினால் ஐந்து நிமிஷத்தில் எங்கள் கேரளத்துப் பாறசாலை. பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீஸிலும் மலையாளம், அடுக்களையிலும் சந்தையிலும் தமிழ், சண்டை வந்தால் இரண்டும் கலந்தது என்று எங்கள் ஜீவனம் நடக்கிறது. ராஜ்ய எல்லை பிரித்தும் பிரியாமல் நின்ற சில பொருள்களில் பிரதானமானது ஆசான்மார்களுடைய வித்தை. அமரவிளை, உதியன்குளங்கரை, தனுவச்சபுரம், காரக்கோணம், வெள்ளறடை, எல்லைக்கு அந்தப் பக்கம் முஞ்சிறை வரையில் எந்தச் சாலையில் போனாலும், ‘வர்ம வைத்தியசாலை’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகை ஒன்று கண்ணில் படாமல் இராது. வடகேரளத்துக் களரியில் வாளும் பரிசையும் பிரதானம். எங்கள் தெற்கத்திக் களரியில் வெறுங்கையே பிரதானம். அதற்கு அடிமுறை என்று பெயர். ஒற்றைச்சுவடும் கூட்டுச்சுவடுமாக, கால் வைக்கும் இடத்திலிருந்து தொடங்கிக் கை போய்ச் சேரும் இடம் வரையில் கணக்கிட்டுச் சொல்லித்தருகிற இந்த வித்தையின் ஏடுகள் பெரும்பாலும் தமிழ்ச் செய்யுள்கள். மலையாள நாட்டுக்குள் இருந்துகொண்டு தமிழை விடாத வித்தை இது.

இந்த ஆசான்மார்களிடம் ஒரு விசேஷம் உண்டு. அடி சொல்லித்தருகிறவரும் அடிபட்டவனுக்கு எண்ணெய் போட்டுத் தடவுகிறவரும் ஒருவரே. காலையில் களரி மண்ணில் பையன்களுக்குச் சுவடு சொல்லிக்கொடுத்த அதே மனிதர், எட்டு மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், தென்னையிலிருந்து விழுந்தவனும் மோட்டார் சைக்கிளிலிருந்து சரிந்தவனும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மூங்கில் பத்தையும் கிழித்த வேஷ்டித் துணியும் ஒரு மூலையில் கிடக்கும். காயத்திருமேனி எண்ணெயின் காட்டமான வாசனை முற்றத்தைத் தாண்டி ரோடு வரைக்கும் வரும். வந்தவன், “ஆசானே, தோளு பொங்க மாட்டேங்குது” என்பான். ஆசான் தோளைப் பார்க்கமாட்டார். “எப்பம் விளுந்தே மக்கா?” என்று முதலில் நேரத்தைக் கேட்பார். வர்மம் என்கிற உயிர்நிலையில் அடிபட்டால் இத்தனை நாழிகைக்குள் அதைத் தடவி இளக்கவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஏடுகளில் கெடு விதித்திருக்கிறது. ஆகையால் அடி எங்கே என்பதைவிட அடி எப்போது என்பது அவருக்கு முந்திய கேள்வி.

வர்மங்கள் மொத்தம் 108 என்பது பரம்பரைக் கணக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அவற்றை உடம்பின்மேல் பங்கிட்டுச் சொல்லும்போது தலை முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் நாபி வரை 45, நாபி முதல் மூலம் வரை 9, கைகளில் 14, கால்களில் 15 என்பார்கள். அடியின் வேகத்துக்கும் அளவு உண்டு: முழு மாத்திரை, அரை மாத்திரை, கால் மாத்திரை. இந்தப் பெயர்களையும் அளவுகளையும் தெரிந்துகொள்ளச் சிஷ்யன் பன்னிரண்டு வருஷம் குருவோடு இருக்கவேண்டும் என்பது பழைய விதி. அதற்குக் காரணம் கேட்டால், இளக்கத் தெரியாதவன் கையில் அடியைக் கொடுக்கக் கூடாது என்பார்கள். ஆசான்மார் எல்லாரும் தர்மாத்மாக்கள் என்று நான் சாதிக்கப்போவதில்லை. கூலிக்கு ஆள் அடித்தவர்களும், ஏட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துப் பூச்சிக்கு இரையாக்கியவர்களும் அவர்களில் இருந்திருக்கிறார்கள். வர்மத்தின் வைத்திய பலன்களை எல்லாம் நவீன சாஸ்திரம் ஒப்புக்கொண்டுவிட்டது என்றும் நான் சொல்ல வரவில்லை. அடிப்பவனுடைய கல்வியில் அடிபட்டவனுடைய சரீரத்துக்கும் ஒரு பாடம் வேண்டும் என்ற அந்த ஏற்பாடு மாத்திரமே எனக்கு இங்கே வேண்டியது. மேனாட்டுத் தொழில்முறைக் குத்துச்சண்டை, உலகத்தின் மிகச் சிறந்த சாம்பியனை உண்டாக்கிக்கொண்டும், இந்த ஓர் ஏற்பாட்டை மாத்திரம் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் போயிற்று என்பது என் அபிப்பிராயம். அலியின் ஜீவியமே அதற்குச் சாட்சி.

அவருடைய இளமையை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1942 ஜனவரி 17-ஆம் தேதி கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில், விளம்பரப் பலகை எழுதும் ஒரு கறுப்பினப் பெயின்டருக்குக் கேஷியஸ் கிளே என்ற பெயரோடு பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் சைக்கிள் திருட்டுப் போய், திருடனை உதைக்கப்போகிறேன் என்று கத்திக்கொண்டு வந்த பையனிடம், முதலில் உதைக்கக் கற்றுக்கொள் என்று சொன்ன ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரரே அவருக்கு முதல் குரு. 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் தங்கம். 1964 பிப்ரவரி 25-ஆம் தேதி, 22-ஆம் வயதில், எல்லாரும் பயந்துகொண்டிருந்த சானி லிஸ்டனை மயாமியில் தோற்கடித்து உலகச் சாம்பியன். அதன் பிறகு மதம் மாறியதை வெளிப்படையாக அறிவித்தார், பெயரும் மாறிற்று. அந்தக் காலத்துச் சண்டைகளின் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும்: அந்த வயதில் அவரை அடிப்பதே அரிது. கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, தலையை மாத்திரம் ஓர் அங்குலம் பின்னுக்கு இழுத்து, குத்து தம் மூக்குக்கு முன்னால் காற்றில் கரைந்துபோகும்படி செய்வார். எங்கள் ஆசான்மார் ‘ஒழிவு’ என்று சொல்லித்தருகிற வித்தை இதுவேதான். அலி அதை யாரிடமும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1967 ஏப்ரல் 28-ஆம் தேதி ஹூஸ்டனில், வியட்நாம் யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும் அதிகாரிகள் அவர் பெயரைச் சொல்லி அழைத்தபோது முன்னால் அடியெடுத்து வைக்க மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, ஜூன் 20-ஆம் தேதி கோர்ட்டு ஐந்து வருஷச் சிறைத் தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தது, அப்பீலில் ஜாமீனில் இருந்தபடியால் சிறைக்குப் போகவில்லையே தவிர, இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு வயது வரையில், ஒரு சண்டைக்காரனுடைய சரீரம் பூரண பலத்தோடு இருக்கும் மூன்றரை வருஷங்கள், அவருக்கு எந்த மாகாணத்திலும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. 1971 ஜூன் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு எட்டு நீதிபதிகளும் ஏகமனதாகத் தண்டனையை ரத்துசெய்தது. அவரை மகான் ஆக்கியது அந்த மூன்றரை வருஷம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது வாஸ்தவந்தான். ஆனால் அதற்கு அவருடைய உடம்பு கொடுத்த விலையை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. 1970 அக்டோபரில் அட்லாண்டாவில் மீண்டும் மேடையேறிய அலிக்கு அந்த ஓர் அங்குல ஒழிவு பாதி போய்விட்டிருந்தது. கால் முன்போல் ஓடவில்லை. அதுவரையில் குத்தை வாங்காமல் ஜயித்துவந்தவர், அதற்கு மேல் குத்தை வாங்கியும் ஜயிக்கலாம் என்று கண்டுகொண்டார். அவருடைய துர்ப்பாக்கியம் அந்தக் கண்டுபிடிப்பில் ஆரம்பமாகிறது.

1974 அக்டோபர் 30-ஆம் தேதி விடியுமுன் கின்ஷாஸா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனோடு நடந்த சண்டையை உலகமே யுக்தி என்று கொண்டாடுகிறது. கயிற்றின்மேல் சாய்ந்து நின்று, ஏழு சுற்றுகள் அந்தப் பலசாலியின் குத்துகளை விலாவிலும் கையிலும் வாங்கி வாங்கி அவனைக் களைக்கவைத்து, எட்டாம் சுற்றில் கீழே விழுத்தாட்டினார். நானும் அந்தப் படத்தைப் பார்த்து மெய்சிலிர்த்தவன்தான். ஆனால் அந்த வெற்றியிலிருந்து அவர் கற்ற பாடம் விபரீதமான பாடம். பயிற்சியின்போதுகூடத் தம்மோடு குத்துப் பழகுகிறவர்களை அடிக்கச் சொல்லி வாங்கிக்கொள்வதை அவர் வழக்கமாக்கிக்கொண்டிருந்தார். உடம்பு வாங்க வாங்க மரத்து உறுதியாகும் என்பது அவர் நம்பிக்கை. மூளை அப்படி மரத்து உறுதியாகும் அவயவம் அல்ல.

1975 அக்டோபர் 1-ஆம் தேதி மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு நடந்த மூன்றாவது சண்டையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். முதலில் அலியின்மேல் ஒரு குற்றச்சாட்டைச் சொல்லிவிடுகிறேன். தாம் லைசென்ஸ் இல்லாமல் தவித்த காலத்தில் தமக்காகப் பரிந்து பேசிய ஃபிரேசியரை, டிக்கெட் விற்பதற்காகக் குரங்கென்று பரிகசித்து, ஒரு ரப்பர் பொம்மையைப் பத்திரிகைக்காரர் முன் குத்திக் காட்டினார். தம் இனத்தார் மானத்துக்காகத் தம் பட்டத்தையே துறந்த மனிதர் தம் இனத்தவன் ஒருவனுக்கு இதைச் செய்தது அவர் கீர்த்தியில் ஒரு களங்கந்தான். சண்டை நடந்தது காலை நேரம், மணிலாவின் புழுக்கம், பதினான்கு சுற்றுகள். ஃபிரேசியருக்கு ஒரு கண் ஏற்கெனவே மங்கல். மற்றொரு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. அலியோ மரணத்துக்கு அவ்வளவு அருகில் தாம் போனதில்லை என்று பின்னால் தாமே சொல்லிக்கொண்டார். பாக்கி ஒரே சுற்று, மூன்றே நிமிஷம். அப்போது ஃபிரேசியருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச், தம் சிஷ்யன் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், சண்டையை நிறுத்திவிட்டார். தோல்வியை ஏற்றுக்கொண்டார். அன்று மணிலாவில் அலிக்குப் பட்டமும் ஃபிரேசியருக்கு உயிரும் கிடைத்தன என்று சொல்வது மிகையாகாது. எங்கள் திண்ணையில் நாழிகைக் கணக்குக் கேட்கிற மனிதரை அந்த ஓர் இடத்தில் நான் குத்துச்சண்டை மேடைக்கருகே கண்டேன்.

அலியின் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. ஃபெர்டி பசேக்கோ என்ற டாக்டர் பல வருஷங்கள் அலியின் மூலையில் நின்றவர். 1977 செப்டம்பர் 29-ஆம் தேதி நியூயார்க்கில் எர்னி ஷேவர்ஸ் என்ற பயங்கரக் குத்துக்காரனோடு பதினைந்து சுற்றுச் சண்டை முடிந்தபின், அலியின் சிறுநீரகங்கள் கெட்டுவருகின்றன என்று காட்டும் பரிசோதனை அறிக்கை பசேக்கோவின் கைக்கு வந்தது. அவர் அதற்குப் பிரதி எடுத்து, அலிக்கும் அவர் மனைவிக்கும் மானேஜருக்கும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். எவரிடமிருந்தும் பதில் வரவில்லை. டாக்டர் விலகிக்கொண்டார். சண்டைகள் தொடர்ந்தன. 1978 பிப்ரவரியில் ஏழே சண்டை அனுபவமுள்ள லியோன் ஸ்பிங்க்ஸிடம் தோற்று, செப்டம்பரில் அவனையே தோற்கடித்து, ஹெவிவெயிட் பட்டத்தை மூன்று முறை ஜயித்த முதல் மனிதராகி, 1979-ல் ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

சென்னை அவரைக் கண்டது அந்த ஓய்வுக் காலத்தில்தான். 1980 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த அலி, 27-ஆம் தேதி டில்லி நேஷனல் ஸ்டேடியத்தில் பஞ்சாபைச் சேர்ந்த ராணுவ வீரர் கௌர் சிங்கோடு நான்கு சுற்றுக் காட்சிச் சண்டை போட்டார். சென்னையில் பழைய சிநேகிதரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு மேடையேறினார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரை பேசிக் குத்துச்சண்டையைக் குலவித்தையாகப் போற்றிய வடசென்னைவாசிகளுக்கு அது திருவிழா. இடுப்பில் சதை போட்ட, வேடிக்கை காட்டுகிற, யாரையும் நோகாமல் தட்டி விளையாடுகிற முப்பத்தெட்டு வயது அலியை அவர்கள் கண்டார்கள். பிரயாணம் முடியுமுன்பே, மாஸ்கோ ஒலிம்பிக்கை ஆப்பிரிக்க நாடுகள் பகிஷ்கரிக்கும்படி பேசுவதற்காகப் பிரஸிடென்ட் கார்ட்டர் அவரை இங்கிருந்தே அனுப்பி வைத்தார். அந்தத் தூது பலிக்கவில்லை, டான்ஸானியாவில் பிரஸிடென்ட் நைரேரே அவரைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அதைக் குறித்து எனக்கு அக்கறையில்லை. அலியின் தொழில் ஜீவியம் சென்னை கண்ட கோலத்திலேயே, கைதட்டலோடும் சிரிப்போடும் முற்றுப்பெற்றிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். பெறவில்லை.

அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகஸில் லாரி ஹோம்ஸோடு சண்டை என்று ஏற்பாடாயிற்று. எண்பது லட்சம் டாலர் பேச்சு. மருத்துவச் சான்று வேண்டும் என்று நெவாடா அதிகாரிகள் கேட்க, ஜூலை மாதம் புகழ்பெற்ற மேயோ கிளினிக்கில் அலியைப் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் குறி சிறிது தப்புகிறது, ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் எதிர்பார்த்த லாகவம் இல்லை என்று அந்த அறிக்கையில் எழுதியிருந்தது. ஆயினும் சண்டையைத் தடுக்கும்படியான குறை ஒன்றும் காணவில்லை என்ற முடிவும் அதில் இருந்தது. லைசென்ஸ் கொடுத்தார்கள். உலகத்திலேயே வேகமான கையென்று பெயரெடுத்த கை தன் மூக்கைத் தொடத் தடுமாறிய அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. எடை குறைய வேண்டுமென்று தைராய்டு மாத்திரை வேறு. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியிடம் சம்பளத்துக்குக் குத்துப் பழகிய பையன். பத்துச் சுற்றுகள் தம் குருவை அடித்தான், சண்டையை நிறுத்தும்படி ரெஃப்ரியை அடிக்கடி பார்த்துக்கொண்டே அடித்தான். அலி ஒரு சுற்றைக்கூட ஜயிக்கவில்லை. பத்தாம் சுற்று முடிந்ததும் ஆஞ்சலோ டண்டி, இருபது வருஷமாக அலிக்குப் பயிற்சி கொடுத்த மனிதர், போதும் என்று நிறுத்தினார். ஹோம்ஸ் அழுதான். பேசிய பணத்திலும் பத்து லட்சம் டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்தார்கள் என்று வழக்கு நடந்தது. அதோடும் விடாமல், அமெரிக்காவில் நடத்த இடமில்லாமல், 1981 டிசம்பர் 11-ஆம் தேதி பஹாமாஸ் தீவில் ட்ரெவர் பெர்பிக்கோடு மற்றொரு சண்டை, அதிலும் தோல்வி. 61 சண்டை, 56 வெற்றி, 5 தோல்வி என்று கணக்கு முடிந்தது. 1984-ல் பார்க்கின்ஸன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கோழிக்கோடு கண்ட அலி அந்த நோயோடு வந்தவர்.

அந்த நோய்க்குக் குத்துகள்தாம் காரணமா என்று நிபுணர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். குத்தாத மனிதர்களுக்கும் அது வருவதுண்டு. ஆனால் தலையில் தொடர்ந்து குத்து வாங்கியவர்களுக்குப் புத்தி தடுமாறும், நடை தள்ளாடும் என்பது 1928-லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்த விஷயம். இங்கிலாந்தில் கோர்ஸெல்லிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், காலமான பதினைந்து குத்துச்சண்டைக்காரர்களின் மூளைகளை அறுத்துப் பார்த்து, 1973-ல் அதை நிரூபித்தார்கள். அலிக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவரை வைத்துப் பணம் பண்ணியவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

குத்துச்சண்டை விதிகளை எங்கள் வர்மக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, கால்களில் கூடாது, முதுகில் கூடாது, பிடரியில் கூடாது. பின் எங்கே அடிப்பது? தலையின் முன்புறத்திலும் பக்கங்களிலும், கழுத்துக்குக் கீழே நாபி வரையிலும். 108-ல் 70 வர்மங்களைச் சொல்லியிருக்கிற பிரதேசம் அதுதான். பிடரியிலும் முதுகிலும் உள்ளவற்றைக் கழித்தாலும் பெரும்பகுதி மிஞ்சும். ஏடுகள் ஆபத்தென்று குறித்துவைத்த இடங்களை மாத்திரம் பொறுக்கியெடுத்து, இங்கேயே அடி, இங்கே அடித்தால்தான் புள்ளி என்று சட்டம் செய்தது போலிருக்கிறது. 1867-ல் குவீன்ஸ்பரிப் பிரபுவின் பெயரால் வந்த விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கியதைக் கருணைச் செயலென்று புத்தகங்களில் எழுதியிருக்கும். வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் குத்தியவனுடைய விரல் எலும்பு நொறுங்கும். கையுறை போட்டபின் அந்தப் பயம் தீர்ந்தது, தலையில் ஆயிரம் தடவை குத்தலாம் என்று ஆயிற்று. கையுறை காப்பாற்றியது கையை. முழு மாத்திரை, கால் மாத்திரை என்று வேகத்தை அளந்து கற்பித்த ஆசான்மார், வேகத்துக்கு வரம்பில்லாத இந்த விளையாட்டைப் பார்த்தால் என்ன சொல்லுவார்கள் என்று ஊகிப்பது கஷ்டமல்ல.

ஆகையால் குத்துச்சண்டையைத் தடைசெய்துவிடலாம் என்று யாராவது என் பேரில் பிரசாரம் செய்தால் நான் உடன்படமாட்டேன். கண்ணூரைச் சேர்ந்த கே.சி. லேகா 2006-ல் டில்லியில் உலகச் சாம்பியனானபோதும், சென்னைத் தேவராஜன் 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் பெற்றபோதும் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். வேறு எந்த ஏணியும் எட்டாத ஜனங்களுக்கு இந்த விளையாட்டு ஒரு வழியைத் திறந்திருக்கிறது. வடசென்னையில் அது சுயமரியாதையாகவே இருந்திருக்கிறது. அலியையே எடுத்துக்கொண்டாலும், ஹோட்டலில் உட்காரக்கூட இடம் கொடுக்காத ஊரிலிருந்து அவரை ராஜாக்களுக்குச் சமமாக உட்காரவைத்தது அவருடைய முஷ்டிதான். இஷ்டப்பட்டு ஏறுகிறவனைத் தடுக்க நீ யார் என்று கேட்டால், எடி ஃபட்ச் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். பதினான்காம் சுற்றின் முடிவில் மேடையில் நிற்கிறவனுக்கு இஷ்டம் என்று ஒன்று தனியாக இல்லை. அதற்காகவே அவனுக்கு ஒரு குரு வேண்டியிருக்கிறது.

விதிகள் மாறாமலும் இல்லை. 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் சாம்பியன் மான்சீனியோடு மோதிய கொரிய இளைஞன் டுக் கூ கிம் பதினான்காம் சுற்றில் விழுந்து, சில தினங்களில் இறந்தபிறகு, உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பதினைந்து சுற்றைப் பன்னிரண்டாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பிறகு அவ்வழியே வந்தன. 1996-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு பாதுகாப்புச் சட்டம் செய்து, டாக்டரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் தொழில்முறைச் சண்டை நடக்கக் கூடாது என்றது. 2000-ல் அலியின் பெயரையே சூட்டிச் செய்த சட்டம், ஒப்பந்தத்தில் ஏமாற்றுவதையும் கணக்கை மறைப்பதையும் கண்டித்தது. நல்ல சட்டந்தான். ஆனால் அலியின் பெயரால் வந்த சட்டம் அவர் இழந்த பணத்துக்குப் பரிகாரம் தேடியதே தவிர, அவர் இழந்த நடையையும் பேச்சையும் தொடவில்லை.

இந்தியாவில் இப்போது இந்தத் தொழில் மெல்ல வேரூன்றி வருகிறது. பீகிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற விஜேந்தர் சிங் 2015-ல் தொழில்முறைக்கு மாறி, 2016 ஜூலை 16-ஆம் தேதி டில்லித் தியாகராஜ் ஸ்டேடியத்தில் ஆசிய-பசிபிக் பட்டம் ஜயித்தபோது அதன் கவர்ச்சி விளங்கியது. ‘பட்டாஸ்’ படத்தில் அடிமுறையையும் ‘சார்பட்டா பரம்பரை’யில் குத்துச்சண்டையையும் கண்ட எங்கள் எல்லைக் கிராமத்துப் பையன்கள், களரிக்குப் போகவேண்டிய மாலை வேளையில் ஜிம்மில் மூட்டையைக் குத்துகிறார்கள். குத்தட்டும். ஆனால் அலியோடு நான்கு சுற்று நின்ற கௌர் சிங்கின் கதை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம், அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ எல்லாம் பெற்ற அந்த மனிதர், ராணுவத்திலிருந்து வந்தபின் பஞ்சாபில் தம் கிராமத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்து, இருதய வைத்தியத்துக்குக் கடன் வாங்கவேண்டிய நிலைமைக்கு ஆளானார். பத்திரிகைகள் எழுதியபிறகே உதவி வந்தது. 2023 ஏப்ரலில் காலமானார். காசுக்காகச் சண்டை போடாதவருடைய கதியே இதுவானால், காசுக்காக ஏறப்போகிறவர்களுடைய கதியை யோசிக்க வேண்டாமா?

நான் கேட்பது அதிகமில்லை. காசுக்குக் குத்துகிற ஒவ்வொருவனுக்கும் வருஷந்தோறும் மூளை நரம்புப் பரிசோதனை வேண்டும். அதைச் செய்கிற டாக்டர் சண்டையை நடத்துகிற முதலாளியிடம் அல்லாமல் சர்க்காரிடம் சம்பளம் வாங்கவேண்டும். அவர் உடல்தகுதி போதாதென்று சொன்னால் எந்த ஊரிலும் எந்த ராஜ்யத்திலும் அவனுக்கு லைசென்ஸ் கிடைக்கக் கூடாது, நெவாடா இல்லாவிட்டால் பஹாமாஸ் என்ற வழி திறந்திருக்கக் கூடாது. எல்லையில் இருக்கிற எங்களுக்கு இந்தக் கடைசி அம்சம் நன்றாகவே புரியும். களியக்காவிளையில் விற்கக் கூடாத சரக்கு எல்லை தாண்டிக் கேரளத்து இஞ்சிவிளையில் விலைபோவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். பயிற்சியாளர் சான்று கொடுக்கும்போது, குத்தக் கற்பிப்பதோடு, குத்துப்பட்டவனைக் கண்டறிந்து நிறுத்தவும் அவர் கற்றிருக்கிறாரா என்று பார்க்கவேண்டும்; முஞ்சிறையிலே சித்த வைத்தியக் கல்லூரியும் திருவனந்தபுரத்திலே பெரிய ஆஸ்பத்திரிகளும் இருக்க, இதற்கு ஆள் கிடைக்காது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரு சாம்பியன் பதக்கத்தோடு ரெயிலிறங்கும்போது இரண்டு சர்க்கார்களும் போட்டி போட்டுக்கொண்டு பந்தல் போட்டுப் பரிசு வழங்குகின்றன. அந்தப் பந்தல் செலவில் ஒரு பாகத்தை எடுத்தாலே, மேலே சொன்னது அத்தனையும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அடுத்த மாதமே ஆரம்பித்துவிடலாம்.